பேசாதக்கா பேசிய நாட்கள்

மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் பஸ் வந்து நின்றதும் ஓர் இரைச்சல் கிளம்பும். அன்னாசி, பலாச்சுளை, மலைவாழை, மிளகு என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தபடி ஜன்னலோரம் ஓடுவார்கள். ஒருத்தி மட்டும் எழுந்திருக்க மாட்டாள். கடைவரிசையின் கடைசியில், காற்று அடிக்காத சுவரோரமாகச் சாக்கை விரித்து, தலையைச் சுற்றித் துண்டு கட்டி, வலது கன்னத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருப்பாள். எதிரே அன்னாசிப் பழங்கள் அடுக்கியிருக்கும். வாசனைக்கு வருகிறவர்கள் வந்தால் உண்டு. அவளாக யாரையும் கூப்பிட மாட்டாள்.

ஊரில் அவளைப் பேசாதக்கா என்றார்கள். அவளுக்குப் பெயர் இல்லாமலில்லை. கூப்பிட்டால் பதில் வராது என்பதால் பெயருக்கு வேலையில்லாமல் போயிருந்தது.

நான் அந்த மலைக்குக் கிராம சுகாதார நர்சாகப் போனது தொண்ணூற்றொன்பதில். ராசிபுரத்துக்காரி. கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல் போய், தெரிந்த முகம் எதுவும் இல்லாத ஊராகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். தங்க ஒரு வீட்டின் பாதியைக் காட்டினார்கள். மறுபாதியில் பேசாதக்கா இருந்தாள். நடுவில் ஒரு மண்சுவர். "நல்ல ஊடுங்க நர்சம்மா, பக்கத்துல சத்தமே இருக்காது" என்று காட்டியவர் சொன்னார்.

நானும் அவளை ஊமை என்றுதான் நினைத்தேன். கையாலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். தண்ணீர் வந்துவிட்டது என்றால் சுவரில் தட்டுவாள். மழை வரும், துணியை எடு என்றால் என் கதவை அசைத்துவிட்டுப் போவாள். அவள் முகம்தான் எனக்குப் புரியாமல் இருந்தது. இடது கன்னம் மஞ்சள் பூசி வழவழவென்றிருக்கும். வலது கன்னம் தண்ணீரே படாமல் வறண்டு, பூனைமயிரும் புழுதியுமாக இருக்கும். இடமிருந்து பார்த்தால் ஒரு வயது, வலமிருந்து பார்த்தால் ஒரு வயது. கூழைக் கூட ஆறவைத்து, இடப்பக்கமாகத் தலையைச் சாய்த்து, சிறு குழந்தைக்குப் புகட்டுவது போல் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வாள்.

சில நேரம் கையிலிருந்த வேலை அப்படியே நிற்கும். பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கும். தூரத்தில் யாரோ எதையோ சொல்ல, அதை உற்றுக் கேட்பவள் போல இருப்பாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. வலது கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கும். பிறகு, நிறுத்திய இடத்திலிருந்து வேலை தொடரும்.

ஒரு மழைநாளில் சாரல் திடீரென்று திசை மாறி அவள் முகத்தில் அடித்தது. கையிலிருந்த முறத்தோடு அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடித்து, பல்லில் வலியா, காதில் வலியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து, உதடு அசையாமல், மூச்சுக்காற்றில் வந்தது பதில்.

"ஊமையில்ல கண்ணு. பேசுனா வெட்டுது."

அதைச் சொன்னதற்கே இன்னொரு முறை வெட்டியது.

முகத்துக்கு வரும் நரம்பில் வருகிற வலி அது. காற்று பட்டாலும், மென்றாலும், சிரித்தாலும், பேசினாலும் மின்னல் போல ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகும். பல்வலி என்று நினைத்து, ராசிபுரத்தில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தார்கள். எல்லாம் நல்ல பற்கள். பிறகுதான் யாரோ நரம்பு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை வலியைக் கொஞ்சம் அடக்கியது, கூடவே தலையைச் சுழற்றிக் கீழே தள்ளியது. சேலத்தில் ஆபரேஷன் செய்யலாமென்று பரிசோதித்தவர்கள், இதயத்தில் ஒரு வால்வு பழுதாக இருக்கிறது, மயக்க மருந்து தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே அவள் பேச்சைச் சேமிக்கக் கற்றுக்கொண்டாள். இன்றைக்குப் பேசியே தீரவேண்டியது என்ன என்று காலையில் எழுந்ததும் யோசிப்பாளாம். பெரும்பாலான நாட்களில் அப்படி ஒன்றும் இருக்காது. எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து கிடந்தபோது, மிளகு தட்டிப்போட்ட கஞ்சியோடு வந்து உட்கார்ந்து, "குடி" என்றாள். அந்த மாதம் அவள் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு சொல்தான்.

செலவழிக்க வேண்டிய இடத்தில் செலவழிக்கவும் தயங்க மாட்டாள். அந்த மலையில் ஊர்த்தொகுப்பை நாடு என்பார்கள். வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் தலைப்பிரசவம். ஜீப் வரவில்லை. துணைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பெண் பயந்துபோய், யார் சொல்வதையும் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தலைமாட்டில் குந்தி, காதோடு வாய் வைத்து, ஒவ்வொரு வலிக்கும் "ஆச்சு, ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வலி வந்தபோதெல்லாம் அக்காவுக்கும் வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குழந்தை பிறந்து அழுத பிறகு அவளைத் தேடினேன். வீட்டுக்குப் பின்னால், ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே மகன். கணவர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்துபோக, இவளே வளர்த்த பிள்ளை. பதினேழு வயதில் திருச்செங்கோட்டுப் பக்கம் போய், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரியில் சேர்ந்துவிட்டான். வண்டி வடக்கே போனால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. எஸ்.டி.டி. பூத்துக்கு எப்போதாவது போன் வரும். கடைக்காரர் ஆள் அனுப்புவார். அக்கா போய் ரிசீவரை இடது காதில் வைத்துக் கேட்பாள். அவன் என்னவோ சொல்லுவான். இவள் "ம்" என்பாள். அவன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைத்துவிடுவான். போகப்போக அழைப்பு குறைந்தது. எங்கம்மாவுக்கு எம்மேல கோபம் தீரவில்லை என்று பூத்துக்காரரிடம் சொன்னானாம். அதை அவர் அக்காவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் மறுத்துக் கையைக்கூட ஆட்டவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். சேலத்து நரம்பு டாக்டர் ஒருநாள் என்னிடம், பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் காந்தத்தை வைத்து மூளையைத் தூண்டி இந்த மாதிரி வலிக்கு வைத்தியம் செய்து பார்க்கிறார்கள், ஆபரேஷன் முடியாதவர்களைத்தான் எடுக்கிறார்கள் என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் தன் மண்டையில் விரலால் கோடு கிழித்துக் காட்டினாள், திறப்பார்களா என்று. இல்லை, வெளியே வைப்பதுதான் என்றேன். ஊருக்குள் செய்தி வேறு விதமாகப் போனது. மண்டையில் கரண்ட் வைத்துப் பைத்தியமாக்கி அனுப்பிவிடுவார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

டாக்டர் தருமபுரிக்காரர். வயது குறைவு, பேச்சில் அவசரம் இல்லை.

"இது ஷாக் இல்லீங்கம்மா. வலி முகத்துல இருந்தாலும் அதை வலின்னு உங்களுக்குச் சொல்றது மூளைதான். அந்த இடத்தை வெளியில இருந்து கொஞ்சம் தட்டிக் கொடுத்துப் பாக்கறோம். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கலை. கேட்டாலும் எத்தனை நாள் நிக்கும்னு எனக்கே தெரியாது."

தலையில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். தோட்டைக் கழற்றியாகிவிட்டது. மூக்குத்தி வலப்பக்கம். வலி கிளம்புகிற இடமே அந்த மூக்கோரம்தான். பல வருஷமாக யாரும் தொடாதது. அங்கிருந்த நர்ஸ் கையை அருகில் கொண்டுபோனதற்கே அக்காவின் உடம்பு விறைத்தது. நான் முயன்று பார்த்தேன். முடியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து கைகழுவும் தொட்டிக்குப் போய்விட்டாள். விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, வேண்டுமென்றே மூக்கோரத்தை அழுத்தித் தொட்டாள். வெட்டு வந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது முடியும்வரை நின்றாள். ஒரு வெட்டு வந்து போனதும் கொஞ்ச நேரம் அந்த நரம்பு சும்மா இருக்கும். அதை அவள் கண்டுவைத்திருந்தாள். அந்தச் சிறு இடைவெளியில் திருகைச் சுற்றினாள். பாதியில் துருப்பிடித்து நின்றது. மறுபடி தொட்டு, மறுபடி வரவழைத்து, மறுபடி நின்று, அப்புறம் சுற்றினாள். மூக்குத்தி கையோடு வந்தபோது அதை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள்.

நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பிடியுள்ள, 8 வடிவத்தில் இருந்த ஒரு வளையத்தைத் தலையின் இடப்பக்கம் வைத்தார்கள். வலி வலப்பக்கமாயிற்றே என்று அவள் கையைத் திருப்பிக் கேட்டாள். மூளையின் இடதுபக்கம்தான் உடம்பின் வலதுபக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார். சரியான இடத்தைத் தேடி வளையத்தை நகர்த்தி ஒவ்வொரு தட்டாகத் தட்டினார்கள். ஓர் இடத்தில் தட்டியதும், மடியில் கிடந்த அவள் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அக்கா தன் விரலையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பயந்தாளா, சிரிக்க வந்ததை அடக்கினாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் இயந்திரம் வரிசையாகத் தட்ட ஆரம்பித்தது. மரங்கொத்தி மரத்தைக் கொத்துகிற மாதிரி ஒரு சத்தம். காதில் பஞ்சு வைத்திருந்தும் அவளுக்குக் கேட்டதாம்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் போனோம். வெளியே பெஞ்சில் எங்களோடு கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் காத்திருப்பார். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்தவர், குடியில் எல்லாம் போய்விட்டது. குடிக்கிற ஆசையை அடக்க முடியுமா என்று அவருக்கும் அதே இயந்திரத்தை நெற்றியோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பதில் பேசுவதில்லை என்பதால் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி போனது, தம்பி முகம் கொடுக்காதது, காலையில் தட்டிவிட்டுப் போனால் மத்தியானம் வரைக்கும் மனசு லேசாக இருப்பது, பொழுது சாய்ந்தால் நாக்கு மறுபடி தேடுவது. அக்கா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் தினமும் கேட்பார். அவள் கையை விரிப்பாள்.

இரண்டாவது வாரத்தின் நடுவில் ஒருநாள் காலை, தங்கியிருந்த இடத்தின் குழாயடியில் அக்கா குனிந்து நின்றாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். நான் பதறிப்போய் எழுந்தேன். அவள் அப்படியே நின்றாள், வருவதற்காகக் காத்திருப்பவள் போல. வரவில்லை. மறுபடி அள்ளி அடித்தாள். பிறகு வலது கன்னத்தை உள்ளங்கையால் தேய்த்தாள், பாத்திரம் தேய்ப்பது போல அழுத்தி. சேலை முழுக்க நனைந்து திரும்பி என்னைப் பார்த்து, "சில்லுனு இருக்குது கண்ணு" என்றாள். கனத்த குரல். மெலிந்த உடம்புக்குப் பொருந்தாத, கட்டைத்தொண்டை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அதுதான் அவள் குரல் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரிக்காரர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "அந்தண்ணன் எங்கீங்க?" என்று அவளே உள்ளே போய்க் கேட்டாள். இரண்டு நாளாக வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றார்கள். அவரிடம் சொல்ல அவளுக்கு என்னவோ இருந்தது. என்னவென்று நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது சேலம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். ஜன்னலில் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். கிணறு, மாடு, கோயில், பாலம். காரவள்ளியில் மலையேறத் தொடங்கியதும் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, காற்றுக்கு வலது கன்னத்தைக் காட்டினாள். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பத் திரும்ப, நான்தான் பயந்துகொண்டே வந்தேன்.

சந்தையில் முதல் நாள் அவள் எழுந்து பஸ்ஸுக்குப் போய், "அன்னாசிங்க, அன்னாசிங்க" என்று குரல் கொடுத்தபோது மற்றவர்கள் கூவுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் அவளைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. எப்படி வைத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று கேட்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். யாருக்கும் அவள்மேல் வருத்தமில்லை. பல வருஷமாக அவளில்லாமலே பேசிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் வாய் திறந்தால் மரியாதையாக நிறுத்திக் கேட்டார்கள். அவள் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

சாயங்காலம் என் பக்கம் வந்து உட்காருவாள். இரண்டு கன்னத்திலும் மஞ்சள் இருக்கும். நான் மாவு சலித்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் பேசுவாள், பிறகு பேச்சு தீர்ந்துவிடும். அப்படி ஒருநாள்தான் சொன்னாள்.

"வலி இருந்தப்ப, வலியாலதான் பேச ஆளில்லைன்னு நெனச்சிருந்தேன் கண்ணு."

நான் சலிப்பதை நிறுத்தவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்தி, ரேடியோவைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததற்கு எந்த வலியும் காரணமில்லை.

இன்னொரு நாள் மகனைப் பற்றிச் சொன்னாள். அவன் கிளம்பிய அன்று காலை, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போகட்டுமாம்மா?" என்று கேட்டிருக்கிறான். வலி வந்த புதிது. அந்த நேரம் பார்த்து வெட்டியது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் கொஞ்சம் நின்று பார்த்தான். மறுபடி கேட்டான். பிறகு போய்விட்டான். அவளுக்கு வாய் வந்தபோது பஸ் போயிருந்தது. நரம்பு வலி என்று அவன் பிற்பாடு கேள்விப்பட்டும், அன்றைக்குப் பதில் சொல்லாததை மட்டும் கோபம் என்றே வைத்துக்கொண்டானாம்.

இப்போது பேசலாமே என்றேன். அவனிடம் செல்போன் வந்திருந்தது. நம்பர் பூத்துக்காரரிடம் இருந்தது. போய் அழைத்தோம். மணி அடித்தது, எடுத்தான். பின்னால் இயந்திர இரைச்சல்.

"நாந்தான் சாமி."

"ஆருங்க?"

"நாந்தான்."

"ஆருங்க வேணும் உங்களுக்கு?"

அக்கா ரிசீவரை மாற்றிப் பிடித்தாள். "உங்கம்மா" என்றாள். அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. வண்டிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவளே சொன்னாள். வீடு வரும்வரை அதையே இரண்டு மூன்று விதமாகச் சொன்னாள்.

மறுநாள் அவன் பூத்துக்காரரைக் கூப்பிட்டு, நேற்றுப் பேசியது நிஜமாகவே எங்கம்மாதானா என்று கேட்டிருக்கிறான். அடுத்த வாரம் வந்துவிட்டான். சத்தீஸ்கரிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்தவன். நல்ல உயரம், நகக்கண்ணில் போகாத கிரீஸ் கறை. அக்கா கோழி அடித்துச் சாமைச் சோறு ஆக்கினாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது கேட்டது. வண்டி எப்படி ஓடுது, சாப்பாடு யார் ஆக்குறாங்க, அங்கே குளிரா என்று அவள் கேட்டாள். நல்லா ஓடுதுங்கம்மா, ஆள் இருக்குதுங்கம்மா, ஆமாங்கம்மா என்று அவன் சொன்னான். ஆபீசில் பெரியவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது.

மத்தியானம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. அவன் பாயில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்த மிளகுச் சரத்தை உருவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரல், நிற்காத பேச்சு. பலா மரத்தில் ஒரு கிளை காற்றுக்கு ஒடிந்தது, கீரிப்பிள்ளை வந்து குஞ்சுகளைத் தூக்கியது, அரியூர் நாட்டில் அவன் மாமன் மகளுக்குக் கல்யாணம் ஆனது, அவன் அப்பா விழுந்த மரத்தை வெட்டச் சொன்னபோது இவள் மறுத்தது. அதே குரலில், மிளகை உருவுவதை நிறுத்தாமல், சொன்னாள்.

"அன்னிக்குப் போகட்டுமான்னு கேட்டியே சாமி. போயிட்டு வான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வெட்டிருச்சு. கோவமெல்லாம் இல்ல."

பிறகு மறுபடியும் கோழிகளைப் பற்றிப் பேசப் போய்விட்டாள். நான் கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவன் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். பஸ்ஸடியில் அத்தனை பேர் நடுவில், போயிட்டு வா என்று அவள் சொன்னாள். அவன் தலையாட்டினான். அன்று சாயங்காலம், அவனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சொன்னேன். தூங்கிட்டான்."

எழுப்பிச் சொல்லியிருக்கலாமே என்றேன். எழுப்பிச் சொல்கிற அளவுக்கு அது ஒன்றும் பெரிய பேச்சில்லை என்றாள்.

மழை பிடிப்பதற்கு முன்னால் ஒருநாள் காலை அவள் வலது கன்னத்தில் மஞ்சள் இல்லை. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். மறுபடி பெங்களூர் போனோம். இந்த முறை பாதி அளவுதான் கேட்டது, அதுவும் சீக்கிரமே விட்டுப்போயிற்று. மூன்றாவது முறை போனபோது தருமபுரி டாக்டர் வெளிநாடு போயிருந்தார். அந்த அறையில் வேறு ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது. ஆரம்பித்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. சேலத்தில் வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். அது தலையைச் சுழற்றவில்லை. கூழ் குடிக்கவும், நாளுக்கு நாலு சொல் பேசவும் அது போதுமாக இருந்தது.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் பூத்துக்கு அழைத்தான். அக்கா "ம்" என்பதோடு சரி. அவன் அதற்காக வைத்துவிடவில்லை. தான் பார்த்தது, தின்றது, வண்டி மண்ணில் புதைந்தது என்று தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவானாம். பூத்துக்காரர் அக்காவுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார். அம்மாவின் குரலை ஒருமுறை கேட்டதால் வந்த மாற்றம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்கு நாமக்கல் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்பும்போது அக்கா ஒரு பை நிறைய மிளகு கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதையும் கேட்டு அவளைப் பேசவைக்கவில்லை. அதன்பின் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை போவதற்குள் அவள் போய்விட்டாள். இதயம்தான். காலையில் சந்தைக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்திருக்கிறார்கள். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அவன்தான். பூத்துக்காரரிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறான். எப்படி இருக்கீங்க நர்சம்மா என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் வேறு என்னென்னவோ பேசினான். நானும் "ம்" சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நான் வந்திருந்தப்ப, மத்தியானம் அம்மா பேசிட்டே இருந்துச்சுங்களே, நீங்ககூட வந்து வாசல்ல கிண்ணத்த வெச்சுட்டுப் போனீங்க" என்றான்.

ஆமாம் என்றேன்.

"நான் தூங்கலீங்க. கண்ணத் தொறந்தா பேசறத நிறுத்திருமோன்னு அப்பிடியே படுத்திருந்தேன். எல்லாங் கேட்டேன். அது அம்மாவுக்குத் தெரியுங்களா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. நீ தூங்கிட்டேன்னுதான் அவங்க எங்கிட்டச் சொன்னாங்க தம்பி என்றேன்.

அவனுக்குப் பின்னால் எங்கேயோ பாறையில் துளை இறங்கும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"இருக்கட்டுங்க" என்றான். "அம்மா சொன்னது எங்காதுல விழுந்துச்சுன்னு ஆருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு. அதுக்குத்தானுங்க கூப்பிட்டேன்."